மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் சனிக்கிழமை நடை: ‘ரோஸ் ஹில் வீடு’ குழு

வியாழன்

[கல்பனா அண்ணி, முரளியைக் குழுவில் சேர்த்தார்]

தேவி: வாங்க முரளி அண்ணா. சனிக்கிழமை நடைக்கு யார் யார் வர்றீங்கன்னு இங்கயே சொல்லிடுங்க எல்லாரும். தனித்தனியா எனக்குப் போன் பண்ணாதீங்க, ஆபீஸ்ல இருக்கேன்.

மாலா அத்தை: நான் வரேன். மேடு மட்டும் ஏற மாட்டேன்.

விக்கி: மேடு ஏறாம சிட்டாடெல் கோட்டைக்கு எப்படி அத்தை

மாலா அத்தை: செல்வன் கார் எதுக்கு இருக்கு?

செல்வன் மாமா: அதானே, எதுக்கு இருக்கு. பெட்ரோல் காத்துல வருது.

முரளி: எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர். நான், சுதா, அம்மா, பையன். அம்மா நல்லா நடப்பாங்க. கல்பனா கோடான் மால்ல ஷாப்பிங்னு சொல்லிட்டிருக்கா. எனக்கு அதுல இஷ்டமில்ல, பழைய ஊரைப் பார்க்கணும்.

கல்பனா அண்ணி: நான் ஷாப்பிங்னு சொல்லவே இல்ல. ஏசி இருக்கிற இடம்னு சொன்னேன்.

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நடையை அப்ரவாசி காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இத்துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களை வைத்துப் பதிந்து தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவதற்காக 1849இல் கட்டிய முகாம் அது. கப்பலிலிருந்து இறங்கி ஏறிய கல்படிகள் இன்றும் இருக்கின்றன. யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக்கியது. விருந்தாளியை வாசல் வழியாகத்தான் அழைத்து வருவார்கள், கொல்லைப்புறமாக அல்ல.

விக்கி: வாசல்தான் பெரியப்பா, ஆனா யாருக்கு வாசல்? 1834 நவம்பர் 2 வந்த அட்லஸ் கப்பல் கல்கத்தாலேர்ந்து வந்தது. தமிழங்க அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இங்க வந்தாச்சு. லபூர்தொனே 1735ல பிரெஞ்சு கவர்னரா வந்து இந்தத் துறைமுகத்தைக் கட்ட ஆரம்பிச்சப்போ பாண்டிச்சேரிலேர்ந்து கொத்தனார், தச்சர்னு ஆள் கொண்டுவந்தான். வந்திருக்கிறவங்களும் பாண்டிச்சேரி. அப்போ ப்ளாஸ் தார்ம் சதுக்கத்துல அவன் சிலைகிட்டதான் ஆரம்பிக்கணும்.

செல்வன் மாமா: பையன் சொல்றது நியாயம். எங்க பக்கத்துல யாருக்கும் கப்பல்ல வந்த கூலிகளுக்குப் போட்ட பதிவு நம்பர் கிடையாது. மோக்கால எம்ஜிஐ ஆவணக் காப்பகத்துல போய்த் தேடிப் பார்த்தாச்சு. காட் கட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க ஆளுங்க கிழக்குப் பக்கம் மலபார் கேம்ப்ல வீடு கட்டி இருந்தாங்க.

பெரியப்பா: என் பாட்டனாருக்கு எண் உண்டு. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நீயும் பார்த்திருக்கிறாய் செல்வா.

செல்வன் மாமா: பார்க்காம விட்டுருவீங்களா அத்தான்.

விக்கி: மாமா, ஒண்ணு. பிரெஞ்சுக்காரன் காலத்துல வந்த எல்லாரும் சம்பளத்துக்கு வந்த ஆசாரி இல்ல. அடிமையா வித்துக் கொண்டுவந்தவங்களும் அதுல உண்டு, பாண்டிச்சேரிப் பக்கத்துலேர்ந்தும்தான். நம்பர் இல்லன்னா சுதந்திரமா வந்தோம்னு அர்த்தமில்ல.

செல்வன் மாமா: நான் எப்போடா அப்படிச் சொன்னேன்

விக்கி: போன பொங்கலுக்கு. மூணாவது ரவுண்டு ஊத்தினப்போ.

மாலா அத்தை: டேய்

தேவி: காட் சனிக்கிழமை 12 மணிக்கு மூடிடுவாங்க. ஞாயிறு திறக்கவே மாட்டாங்க. லபூர்தொனே சிலையா நின்னுட்டிருக்கான், சாயந்திரம் வரைக்கும் நிப்பான். அதனால முதல்ல காட். முடிஞ்சுது.

பெரியப்பா: நன்றி தேவி.

விக்கி: இது வரலாறு இல்ல, டைம்டேபிள்.

முரளி: ஒரு விஷயம். எங்க ஊர்லயும் லபூர்தொனே பேர்ல தெரு இருக்கு, வெள்ளைக்காரத் தெருப் பக்கம். அதே ஆளா?

பெரியப்பா: அதே ஆள். 1746இல் இங்கிருந்து கப்பல்படையோடு போய் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப்பட்டணத்தைப் பிடித்தவர். பிடித்த பட்டணத்தைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம் என்றார் இவர், கூடவே கூடாது என்றார் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. இருவருக்கும் முற்றிவிட்டது. பிரான்சுக்குத் திரும்பியதும் பஸ்தீல் சிறையில் போட்டார்கள். பிறகு குற்றமில்லை என்று விடுவித்தார்கள்.

முரளி: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல இந்தச் சண்டை நிறைய வரும். அவர் துய்ப்ளே பக்கத்து ஆளு, அதனால இவரைப் பத்தி நல்லதா பெருசா எழுதியிருக்க மாட்டாரு. இங்க வந்தா இவருக்கு நட்டநடு ஊர்ல சிலை.

செல்வன் மாமா: அங்க துய்ப்ளேக்கு இருக்குல்ல?

முரளி: இருக்கு, பீச்சுல.

செல்வன் மாமா: அப்போ கணக்கு சரியாப்போச்சு.

வெள்ளி

தேவி: ஏற்பாடு. ரோஸ் ஹில் ஆளுங்க மெட்ரோவுல விக்டோரியா ஸ்டேஷன்ல இறங்கி, கடலோரமாவே நடந்து வாங்க. மாமா கார் கிரானரி பார்க்கிங்ல. 9 மணிக்கு காட் வாசல்ல எல்லாரும். தொப்பி, தண்ணி. ஜூலை, குளிர்காலம்தானேன்னு நினைக்காதீங்க, குயூர்பிப்ல ஸ்வெட்டர் போட்டாலும் போர்ட் லூயில வேர்க்கும்.

மாலா அத்தை: சாப்பாடு?

தேவி: மார்க்கெட்ல தால்பூரி அத்தை.

மாலா அத்தை: சரி. ஆனா வரிசை நீளமா இருக்கிற கடைல வாங்குங்க. வரிசை இல்லாத கடைல மாவு காஞ்சு போயிருக்கும்.

பெரியப்பா: நாளை பந்தய நாள். ஷாம் தெ மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றி வண்டி நகராது. அப்பகுதியை மதியத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் அல்லது மேலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்வன் மாமா: மேலேர்ந்தே பார்த்துக்கலாம். கீழ இறங்கினா என் காசு போயிடும்.

சனி

9:06 விக்கி: வந்தாச்சு. பெரியப்பா எங்களுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிக்கிறாரு, வேட்டில.

9:09 கல்பனா அண்ணி: நாங்க சப்வேல வழி தெரியாம அந்தப் பக்கம் ஏறிட்டோம். இப்போ திரும்ப வரோம்.

9:41 முரளி: [படம்]

9:41 முரளி: நான் பெரிய கட்டடம் எதிர்பார்த்தேன். உள்ள இருக்கிறது கொஞ்சம்தான். படிக்கட்டு, வாசல் காவலர் அறை, ஆஸ்பத்திரிப் பகுதி, கழிப்பறை அடித்தளம். பக்கத்துல ஹைவே இரைச்சல்.

9:44 விக்கி: ஹைவே போடறப்போ முகாம்ல பெரும்பகுதியை இடிச்சுட்டாங்க அண்ணா. 1860கள்ல இருந்ததுல பாதிகூட இப்போ இல்ல. தேசிய நினைவுச்சின்னம்னு அறிவிச்சதே 1987லதான். அதுவரைக்கும் ஜனங்க கூலி காட்னுதான் சொல்லிட்டிருந்தாங்க.

9:50 பெரியப்பா: இரண்டொரு நாள்தான் இங்கே தங்க வைப்பார்கள். அதற்குள் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் பேரேட்டில் ஏறிவிடும். பிறகு எந்தத் தோட்டம் என்று முடிவாகி வண்டி ஏற்றிவிடுவார்கள். இங்கிருந்து ரீயூனியனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனவர்களும் உண்டு.

10:15 கல்பனா அண்ணி: அம்மா கண்காட்சிக் கூடத்துல போட்டோ இருக்கிற இடத்தை விட்டு வர மாட்டேங்கிறாங்க. ஒரு பொண்ணு படம். மூக்குத்தி, கைல ஒரு எண். ‘இது எங்க பெரியம்மா ஜாடை’ங்கறாங்க. சுதாவும் நானும் கூப்பிட்டுப் பார்த்துட்டோம்.

10:17 விக்கி: அவசரப்படுத்தாதீங்க அண்ணி. அந்தப் போட்டோ எதுக்கு எடுத்தாங்கன்னு அவங்களுக்குச் சொல்லுங்க. 1867ல ஒரு சட்டம் வந்துது. ஒப்பந்தம் முடிஞ்சவங்க வெளில நடமாடணும்னா போட்டோ ஒட்டின சீட்டு கைல வச்சிருக்கணும். இல்லன்னா போலீஸ் பிடிக்கும். ஆசைப்பட்டு எடுத்துக்கிட்ட படம் இல்ல அது.

10:19 கல்பனா அண்ணி: சொன்னேன். ‘அதான் முறைச்சுப் பார்க்குறா’ங்கறாங்க.

10:52 தேவி: நான் இப்போதான் வந்து சேர்ந்தேன். எங்க இருக்கீங்க?

10:53 விக்கி: பக்கத்துலயே பழைய ராணுவ ஆஸ்பத்திரி. லபூர்தொனே காலத்துது. 2023ல அடிமை வரலாற்று மியூசியமா திறந்தாங்க. மாமாவும் நானும் உள்ள இருக்கோம், மத்தவங்க போஸ்ட் ஆபீஸ் நிழல்ல.

11:20 செல்வன் மாமா: சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கருங்கல்லு, ஒவ்வொண்ணும் மூட்டை கனம் இருக்கும். கொத்தினவன் பாண்டிச்சேரிக் கொத்தனோ மொசாம்பிக் அடிமையோ, கல்லுல பேர் எழுதி வைக்கல. விக்கி சொன்னது சரிதான்னு தோணுது. ஆனா அத்தான்கிட்ட இதைச் சொல்லாதீங்க.

11:21 பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் செல்வா.

11:58 மாலா அத்தை: மார்க்கெட் வந்துட்டேன். வாசல்லேர்ந்து ரெண்டாவது கடை, வரிசை தெருவரைக்கும். எத்தனை ஜோடி?

11:58 சுதா: ஜோடின்னா?

11:59 மாலா அத்தை: இங்க ஒத்தையா தர மாட்டாங்கம்மா. ரெண்டு பூரியை ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, நடுவுல பெரிய பயறு கறி, தக்காளி ருகாய், ஊறுகாய், பச்சை மிளகாய் அரைச்சது தடவி, பேப்பர்ல சுருட்டித் தருவாங்க. மிளகாய் வேணுமா வேண்டாமான்னு முன்னாடியே சொல்லணும். அவன் கேட்க மாட்டான், கை அதுபாட்டுக்குப் போகும்.

12:00 முரளி: பையனுக்கு வேண்டாம். மத்தபடி எட்டு ஜோடி.

12:34 முரளி: அலூடா வாங்கினேன். பாலும் சப்ஜா விதையும் அகர் அகரும், கொஞ்சம் ஜிகர்தண்டா வாடை. அது இருக்கட்டும். மீதிக்காசுல நூறு ரூபா நோட்டு வந்துது. தமிழ்ல எழுதியிருக்கு!

12:35 விக்கி: தெரியாதா அண்ணா? எல்லா நோட்லயும் இருக்கு. அந்த நூறுல இருக்கிறவரே நம்ம ஆளுதான், ரங்கநாதன் சீனிவாசன். வக்கீல், மந்திரியா இருந்தவர்.

12:41 பெரியப்பா: அந்த எழுத்துக்கு ஒரு கதை உண்டு. நோட்டில் ஆங்கிலம் முதலில், தமிழ் இரண்டாவது, இந்தி மூன்றாவது. தமிழர் இத்தீவுக்கு முன்னால் வந்தவர்கள் என்பதால் அந்த வரிசை. 1998இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தியைத் தமிழுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். நானும் போனேன், பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு. கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையைப் பழையபடி மாற்றி மறுபடி அச்சிட்டார்கள்.

12:43 செல்வன் மாமா: ஆக, முன்னாடி வந்தவங்கன்னு நோட்டுக்குச் சொல்றப்போ மட்டும் என் கட்சி. நடைக்குன்னா காட் கட்சி.

12:43 தேவி: மாமா சாப்பிடுங்க

12:44 விக்கி: மாமாவுக்கு ஒரு பாயிண்ட்

12:50 கல்பனா அண்ணி: மார்க்கெட்டுக்குள்ள மூலிகைக் கடை ஒண்ணு இருக்கு. சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு, தூக்கத்துக்குன்னு ஒவ்வொரு கட்டுக்கும் அட்டை எழுதி வச்சிருக்காங்க. அம்மா பாதி இலையைப் பேர் சொல்லி அடையாளம் காட்டறாங்க, கடைக்காரரு கிரியோல்ல பதில் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியுது போல.

13:30 தேவி: அடுத்தது ரூ ரோயால் வழியா. ஜும்மா மசூதி, 1850கள்ல கட்டினது, தெருவுல நின்னே பார்த்துக்கலாம், தொழுகை நேரம். அப்புறம் சைனா டவுன். மாமா அத்தையையும் அம்மாவையும் கார்ல சிட்டாடெல் கொண்டு விட்டுடுங்க. நாங்க நடந்து ஏறுறோம்.

13:32 பெரியப்பா: நானும் நடக்கிறேன்.

13:32 மாலா அத்தை: அண்ணா, வேண்டாம்.

13:33 பெரியப்பா: நடக்கிறேன்.

14:02 விக்கி: பெரியப்பா எங்களுக்கு முன்னாடி போய்ட்டாரு. சுதா அண்ணி பாதில உட்கார்ந்துட்டாங்க. முரளி அண்ணா பையனைத் தோள்ல தூக்கிட்டு வர்றாரு.

14:20 விக்கி: [படம்]

14:20 விக்கி: மேல வந்தாச்சு. இங்க நின்னு பார்த்தாதான் ஊர் எப்படி உட்கார்ந்திருக்குன்னு புரியும். முன்னால கடல், பின்னால மூணு பக்கமும் மலை, நடுவுல ஒரு கிண்ணம் மாதிரி. லபூர்தொனே ஏன் இந்த இடத்தைப் பிடிச்சான்னு சொல்லவே வேண்டாம். காத்துக்கு மறைவு, கப்பல் நிக்க இடம்.

14:24 முரளி: பீரங்கி மலைப் பக்கம் ஊரைப் பார்த்து இருக்கே? எதிரி கடல்லேர்ந்துதானே வரணும்?

14:27 விக்கி: அதான் விஷயமே. இது இங்கிலீஷ்காரன் 1834லேர்ந்து 1840 வரைக்கும் கட்டினது. 1835ல அடிமைமுறை ஒழிஞ்சுது. பிரெஞ்சுத் தோட்ட முதலாளிங்க கிளர்ச்சி பண்ணுவாங்களோன்னு பயம். ஊரைக் கண்காணிக்கத்தான் கோட்டை. ஒரு குண்டும் சுட வேண்டி வரல. நாலாவது வில்லியம் பொண்டாட்டி அடிலெய்ட் பேரை வச்சுட்டுப் போய்ட்டான்.

14:31 செல்வன் மாமா: கீழ குதிரை ஓடுது. இங்கேர்ந்து எறும்பு சைஸ்ல தெரியுது. அந்த மைதானத்துல 1812லேர்ந்து பந்தயம். 1968 மார்ச் 12 அங்கதான் நம்ம கொடி ஏத்தினாங்க. எங்க அப்பா என்னைத் தோள்ல உட்கார வச்சுக் காட்டினாரு. எனக்கு ஞாபகம் இருக்கிறது கொடி இல்ல, அப்பா தலைல வச்ச எண்ணெய் வாசனை.

14:38 செல்வன் மாமா: இன்னொண்ணு, துறைமுகத்துல அந்த நீளமான ஷெட் தெரியுதா முரளி? அது சர்க்கரை டெர்மினல். 1980ல வந்துது. அதுக்கு முன்னாடி சர்க்கரை எல்லாம் மூட்டைதான். எங்கப்பா துறைமுகக் கூலி. சாக்கைக் கொங்காடை மாதிரி மடிச்சுத் தலைல போட்டுக்குவாரு, அதுமேல மூட்டை. கரைலேர்ந்து படகு, படகுலேர்ந்து கப்பல். பலகைல நடக்கிறப்போ முட்டியை மடக்கக் கூடாது, மடக்கினா மூட்டை ஆளைத் தள்ளிடும்னு சொல்வாரு. வியர்வைல சர்க்கரை கரைஞ்சு கழுத்துல ஒட்டும், ராத்திரி வெந்நீர் ஊத்தித் துடைச்சாலும் ஈ மொய்க்கும். டெர்மினல் வந்ததும் பெல்ட்டே எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டிடுச்சு. அத்தனை பேர் வேலை ஒரே அடியா போச்சு. சுற்றுலாக்காரங்களுக்குக் கொடுக்கிற வரைபடத்துல அந்த ஷெட்டுக்கு ஒரு புள்ளிகூட இல்ல.

14:40 முரளி: இதை நேர்ல சொல்லியிருக்கலாமே மாமா, பக்கத்துலதானே நிக்கிறீங்க

14:40 செல்வன் மாமா: காத்து அடிக்குது. கத்த முடியாது.

15:25 தேவி: இறங்கியாச்சு. 1822 தியேட்டரை வெளிலேர்ந்து பார்த்தோம். அப்புறம் விக்டோரியா ராணி சிலை, கவர்ன்மென்ட் ஹவுஸ். அங்கேர்ந்து பனைமர வரிசை வழியா நேரா ப்ளாஸ் தார்ம். விக்கி தன் லபூர்தொனேவோட செல்ஃபி எடுத்துக்கிட்டான்.

15:27 பெரியப்பா: அந்தச் சதுக்கத்துக்கு இப்போது சுக்தேவ் பிசுந்தயாள் பெயர். ஐந்நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

15:29 மாலா அத்தை: கம்பெனித் தோட்டத்துல ஆலமரத்தடில உட்கார்ந்துட்டேன். இதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன். பையனுக்கு டோடோ பார்க்கணுமாம், பக்கத்துலதான் மியூசியம், யாராவது கூட்டிட்டுப் போங்க.

16:05 முரளி: பையன் டோடோ எலும்புக்கூட்டு முன்னாடி நின்னு ‘இவ்ளோ குட்டியா?’ன்னு கேட்டான். விக்கி சொன்ன கதை அவனுக்குப் பிடிச்சுது. 1904 வாக்குல போர்ட் லூயில முடிவெட்டுற ஒருத்தர், தீரியூன்னு பேரு, மலைப்பக்கம் தேடித்தேடி எடுத்ததாம். முழுசா ஒரே பறவையோட எலும்பு உலகத்துலயே இது ஒண்ணுதானாம். இப்போ அவன் சலூன்காரர் ஆகப் போறானாம்.

16:07 கல்பனா அண்ணி: நாங்க கோடான்ல ப்ளூ பென்னி மியூசியம். மொரீஷியஸோட முதல் ஸ்டாம்ப், 1847ல அச்சடிச்சது, ரெண்டு இருக்கு. ஒரிஜினலுக்கு மணிக்கு ஒருதரம் கொஞ்ச நேரம்தான் லைட் போடுவாங்க, மத்த நேரம் நகல்தான் பார்க்கணும். நாங்க நுழையுறோம், லைட் அணையுது. அடுத்த லைட்டுக்கு உட்கார்ந்திருக்கோம். ஏசி நல்லா இருக்கு.

16:08 தேவி: அண்ணி, கடைசில ஏசி கிடைச்சுடுச்சு

18:50 முரளி: வீடு வந்துட்டோம். எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் கேட்கணும். அம்மா கார்ல வர்றப்போ சொன்னாங்க. அவங்க பாட்டியோட அண்ணன் ஒருத்தர் காரைக்கால்லேர்ந்து கப்பல் ஏறிப் போனாராம், திரும்பி வரலையாம். பேர் நல்லதம்பி. எங்க போனார்னு வீட்ல யாருக்கும் தெரியாது. இங்க வந்திருந்தா மோக்கால கண்டுபிடிக்க முடியுமா?

18:58 விக்கி: முடியலாம் அண்ணா, ஆனா பேர் மட்டும் பத்தாது. நல்லதம்பின்னு நிறைய இருப்பாங்க. இங்கிலீஷ் குமாஸ்தா காதுல விழுந்தபடி வேற எழுதியிருப்பான். தகப்பன் பேர், ஊர், தோராயமா எந்த வருஷம், இது மூணும் வேணும். காரைக்கால் பிரெஞ்சுத் துறை, அங்கேர்ந்து ஏறினவங்க நிறையப் பேர் ரீயூனியன் போயிருக்காங்க. அதையும் மனசுல வச்சுக்கணும்.

19:03 பெரியப்பா: அம்மாவிடம் கேட்டு, தெரிந்ததையெல்லாம் இங்கேயே எழுதுங்கள். பங்காளிகள் பெயர், குலதெய்வம், பக்கத்து ஊர், எதையும் விட வேண்டாம். ஆவணக் காப்பகம் வார நாளில்தான். திங்கட்கிழமை நான் கூட வருகிறேன்.

19:04 செல்வன் மாமா: கார் நான் எடுத்துட்டு வரேன். எட்டரைக்கு வாசல்ல நிக்கணும், வேட்டி கட்டி முடிக்கலைன்னா விட்டுட்டுப் போயிடுவேன் அத்தான்.

19:06 முரளி: அம்மா சொல்றாங்க. தகப்பன் பேர் வைத்தியலிங்கம். ஊர் திருமலைராயன்பட்டினம். வருஷம் தெரியல, பாட்டி அப்போ வயசுக்கு வரலையாம்.

19:07 மாலா அத்தை: செல்வா, உன் கார் பின் சீட்ல என் குடையும் ரெண்டு கட்டு மூலிகையும் இருக்கு. வெயில்ல வச்சிடாதே.